செக்யூரிட்டி பெல்ட் இடுப்பை அறுக்காமல் இருக்க

காண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) காவலருக்கு 12 மணி நேர ஷிப்டில் வாக்கி-டாக்கி, டார்ச், சாவிக்கொத்து எல்லாம் இடுப்பில்தான். அதனால் பெல்ட் 50 மி.மீ. அகலமாவது இருக்கட்டும். மெல்லிய பெல்ட் எடை தாங்காமல் சுருண்டு சதையை அறுக்கும். சட்டையை உள்ளே விட்டு, பேண்டுக்கு மேல் இடுப்பளவை எடுங்கள்.

தொப்பைக்குக் கீழே இறுக்கிக் கட்டுவதுதான் பெரிய தவறு. இடுப்பெலும்பின் முன்முனையருகே நரம்பு நசுங்கி, தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போகும், எரியும். அங்கே எந்தப் பையும் வேண்டாம். முதுகெலும்புக்கு நேரே கனமான பொருளும் கூடாது. மல்லாந்து விழுந்தால் ஆபத்து.

உட்காரும்போது வாக்கி-டாக்கியின் ஆன்டெனா விலாவில் குத்தினால், சுழலும் கிளிப் உள்ள உறையை வாங்குங்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் உள்ளே பருத்தி பனியன் கட்டாயம். நனைந்ததும் மாற்றிவிடுங்கள், இல்லையேல் பெல்ட் உரசும் இடமெல்லாம் வேர்க்குரு.