துப்பறியும் கதையெல்லாம் இந்தப் பக்கம்

1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் கைக்குப் போனபிறகு மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளால் நிரம்பி வழிந்தன. நாங்கள் ஆண்டு எட்டு. கிடுகுக் கொட்டிலில்தான் வகுப்பு. அதற்கு முந்திய ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த சிலர் உடுப்புப் பெட்டிக்குள் ஒன்றிரண்டு கதைப்புத்தகங்களையும் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். அவற்றை எல்லாம் வகுப்புக்கென்று கேட்டு வாங்கிச் சேர்த்தவர் எங்கள் தமிழ் ரீச்சர்.

இரண்டு மரப்பெட்டிகளைக் கவிழ்த்து அடுக்கி, கறையான் ஏறாமல் அடியில் செங்கல் வைத்துக் கழிவு ஒயில் பூசினோம். பிறகு எப்படி அடுக்குவது என்ற கேள்வி வந்தது. பெரிய நூலகங்களில் 1876 இல் மெல்வில் டூயி வகுத்த பத்துப் பெரும் பிரிவுகள் இருப்பதை ரீச்சர் சொல்லித்தந்தார். விஞ்ஞானம் 500, இலக்கியம் 800, வரலாறு 900. "அப்பிடி அடுக்கினா எங்கட புத்தகம் முக்காவாசியும் 800க்குள்ளதான் போய் நிக்கும். உங்களுக்கு என்ன பிரயோசனம்? என்ன கதை எண்டு பாத்துப் பிரியுங்கோ பிள்ளையள்" என்றார்.

நிலத்தில் சாக்கை விரித்து எல்லாவற்றையும் கொட்டினோம். துப்பறியும் கதை, சரித்திரக் கதை, நாட்டார் கதை, விஞ்ஞானம், வாழ்க்கை வரலாறு, நாடகம், கவிதை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். பொருளாதாரத் தடையில் நிறத்தாளுக்கு எங்கே போவது? பழைய கலண்டர் படங்களை நறுக்கி, கோதுமை மாப் பசையால் புத்தக முதுகில் ஒட்டினோம்.

வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியனைப் பற்றிய ஒரு நாடகப் புத்தகத்தால் பெரிய வாக்குவாதம் வந்தது. நாடகத் தட்டில் வைத்தார்கள். ஒட்டுசுட்டானிலிருந்து வந்த பெடியன் விடவில்லை. "எங்கட கற்சிலைமடுவில அவர் தோத்த இடமெண்டு கல்லு நிக்குது, 1803 எண்டு திகதியும் வெட்டிக் கிடக்கு. இது சரித்திரம்!" என்று புத்தகத்தைப் பறித்துக்கொண்டான். நடந்ததை எழுதினால் அது சரித்திரமா, நடந்ததை வைத்துப் புனைந்து எழுதினால் என்ன என்று அந்தப் பாடவேளை முழுக்க விவாதித்தோம். கடைசியில் ரீச்சர் புத்தகத்தை நாடகத் தட்டிலேயே வைத்துவிட்டு, சரித்திரத் தட்டில் ஒரு மட்டைத் துண்டைச் செருகினார். அதில் "பண்டாரவன்னியன்: நாடகத் தட்டில் பார்க்க" என்று அவனைக் கொண்டே எழுதுவித்தார். நூலகர்கள் காட்டுக்குறிப்பு எழுதுவதும் இதே முறையில்தான் என்பதைப் பிறகு கனடாவில் நூலகத்தில் வேலைசெய்தபோது கண்டேன்.

வாசிப்பே பிடிக்காத ஒருவன் எங்கள் வாங்கில் இருந்தான். துப்பறியும் கதை ஒன்றை ஜாம் போத்தல் விளக்கில் இரவோடு இரவாக முடித்துவிட்டு வந்து, "இதே மாதிரி இன்னொண்டு?" என்று கேட்டான். யாரும் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. அடுத்ததும் அதே நிறத்தில் பக்கத்திலேயே நின்றது. அந்தத் தட்டை முடித்தபின் சரித்திரக் கதைக்குத் தானாகவே நகர்ந்தான். எழுத்தாளர் பெயர் வரிசையில் அடுக்கியிருந்தால் அவனுக்கு அந்த வழி தெரிந்திருக்காது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுத்தாளர் பெயரா தெரியும்? என்ன மாதிரிக் கதை வேண்டும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அதனால்தான் நமது சங்கத்திடம் இதைக் கேட்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் புத்தகப் பணத்தில் ஒரு பங்கை 6 முதல் 9 வரையான தரங்களின் வகுப்பறைகளுக்கே ஒதுக்குங்கள். இங்கிருந்து பட்டியல் போட்டு அனுப்ப வேண்டாம். எந்த வகைக் கதைக்கு அடிபடுகிறார்கள் என்று பிள்ளைகளைக் கேட்டு ரீச்சர்மார் வாங்கட்டும். பிரித்து அடுக்குகிற வேலையையும் பிள்ளைகளிடமே விடட்டும். செப்டெம்பரில் கொழும்பில் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி நடக்கும். அதற்கு முன் பணம் போய்ச் சேர்ந்தால் நல்லது. தட்டுகளுக்கான பலகைச் செலவை நான் ஏற்கிறேன்.