கியோட்டோவில் குழல் ஊதும் கருடன்

ஜப்பானில் கியோட்டோ வரை போகிறவர்கள் சஞ்சூசன்கென்தோ கோயிலைத் தவறவிடக் கூடாது. காலணியைக் கழற்றிவிட்டு மரத்தரையில் நடந்தால், சுமார் 120 மீட்டர் நீள மண்டபம் முழுக்கப் பொன்னிறத் திருமேனிகள். நடுவில் அமர்ந்த கோலத்தில் பௌத்தத்தின் கருணைத் தெய்வமான ஆயிரங்கை அவலோகிதேசுவரர்; இருபுறமும் ஐந்நூறு ஐந்நூறாக நின்ற கோலத்திலும் அவரே. ஜப்பானியர்களுக்கு அவர் கன்னோன். கூப்பிய கைகள் போக 40 கைகள். ஒவ்வொன்றும் 25 உலகங்களைக் காப்பதால் ஆயிரம் என்று கணக்கு.

1164-ல் எழுந்த கோயில் 1249-ல் எரிந்துபோனது. பழைய சிலைகளில் 124 இன்றும் இருக்கின்றன. மற்றவற்றைப் புதிதாகச் செதுக்கி, 1266-ல் மண்டபத்தையும் எழுப்பிவிட்டார்கள். நடுவில் இருக்கும் பெரிய திருமேனியை முடித்தபோது சிற்பி தங்கெய்க்கு வயது 82! எப்பேர்ப்பட்ட பக்தி.

ஆனால் எனக்குக் கண் கலங்கியது முன்வரிசையில்தான். அங்கே 28 காவல் தெய்வங்கள். சிறகும் அலகுமாகக் கருடன், வாயில் குழல் வைத்து ஊதுகிறார். எலும்பும் தோலுமாக, தடி ஊன்றிய வசு முனிவர். கழுத்து நரம்பு வரை செதுக்கியிருக்கிறார்கள். கண்களில் பதித்த படிகம் விளக்கொளியில் மின்ன, நம்மையே பார்ப்பதுபோல் இருக்கிறது. அப்புறம் மகேசுவரன், நாராயணன், பிரம்மா, இந்திரன். அத்தனை பேரும் நம்மவர்கள்! சீனா, கொரியா வழியாகப் பௌத்தத்தோடு கூடவே வந்தவர்கள்.

போன இடத்துத் தெய்வங்களையும் பௌத்தம் விரட்டவில்லை. ஜப்பானின் சொந்தத் தெய்வமான ஹச்சிமானை 749-ல் நாரா நகரின் பெரிய புத்தருக்குத் துணையாக எழுந்தருளச் செய்தார்கள். பிற்பாடு அவரையே போதிசத்துவர், அதாவது புத்தராகும் வழியில் நிற்பவர், என்று வணங்கினார்கள். இந்தியாவில் ஆண் வடிவில் இருந்த அவலோகிதேசுவரர், சீனாவில் குவான்யின் என்ற தாயாகவே ஆகிவிட்டார். ஊருக்குத் தக்கபடி வளைந்துகொடுத்ததால் தர்மம் நீர்த்துப்போனது என்று சிலர் சொல்வதுண்டு. அந்த வரிசைக்கு முன்னால் நின்று கும்பிட்ட பிறகு என்னால் அதை ஏற்க முடியவில்லை. கருணைக்கு ஆயிரம் கை என்று நம்புகிறவர்கள் யாரைத்தான் வெளியே நிறுத்துவார்கள்?

உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. தெய்வங்களுக்கு முன்னால் பெயர்ப்பலகைகள் உண்டு. நிதானமாகப் படித்துக்கொண்டே போகலாம். பலரும் ஆயிரம் சிலைகளை அண்ணாந்து பார்த்தபடி முன்வரிசையைக் கடந்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரமாவது ஒதுக்கிவிட்டுப் போங்கள்.