பீம்

வீடு கட்டும்போது கொத்தனார் சொல்லும் பீமும், மேலூர் நான்குவழிச் சாலையில் எதிரே வருகிறவர் நம் கண்ணில் அடிக்கும் ஹை பீமும் ஒரே சொல்தான். கான்கிரீட் விட்டத்துக்கும் வெளிச்சத்துக்கும் என்ன உறவு?

பழைய ஆங்கிலத்தில் பீம் என்றால் மரம். காட்டில் வேர்விட்டு நிற்கிற பச்சை மரம். ஜெர்மன் மொழியில் இன்றும் மரம் 'பவ்ம்'தான், டச்சில் 'போம்'. (கிரேனின் நீண்ட கையை பூம் என்கிறோமே, அது டச்சுக்காரர்கள் கொடுத்த சொல்.) மரத்தை வெட்டினால் உத்தரம். சரி, அதில் புதிர் இல்லை.

ஒளி வந்து சேர்ந்த வழிதான் சுவாரசியம். எகிப்தை விட்டுக் கிளம்பிய இஸ்ரவேலருக்கு இரவில் அக்கினித் தூண் வழிகாட்டியதாக விவிலியத்தில் வருகிறது. லத்தீனில் 'ஒளித்தூண்' என்று இருந்ததைப் பழைய ஆங்கிலத்தில் எழுதியவர்கள், தூணுக்கு பீம் என்றே போட்டார்கள். ஒளிக்கற்றை என்ற பொருள் அதிலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்பது சொல்லாய்வாளர்களின் கருத்து. திருமலை நாயக்கர் மகாலில் அந்தப் பெரிய தூண்களுக்கு நடுவே வெயில் சாய்ந்து விழுவதைப் பார்த்தவர்கள் இதை நம்பத் தயங்க மாட்டார்கள்.

நம்மிடமும் சூரியனுக்குக் கதிர், சோழவந்தான் வயலில் நெல்லுக்கும் கதிர். ஆங்கிலத்தின் இன்னொரு ஒளிச்சொல்லான 'ரே'க்கு மூலம் லத்தீனில் சக்கரத்தின் ஆரக்கால். பள்ளிக் கணக்கில் வட்டத்துக்கு ஆரம் எழுதினோமே, அதே ஆரம்தான்.