பிரியதத்தத்தினாலே

தூத்துக்குடியில் அச்சகத்தில் டிடிபி வேலை, அதாவது கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கிற வேலை, பார்க்கிறவனுக்குக் கல்யாணப் பத்திரிகையைவிட நினைவு அட்டைதான் சோறு போடும். கல்யாணத்துக்கு மாதம் பார்ப்பார்கள், சாவுக்கு ஏது மாதம். நான் விளாத்திகுளம் பக்கத்துக்காரன். வேலைக்கு வந்த புதிதில் கிறிஸ்தவர்கள் எல்லாருக்கும் ஒரே வாசகம்தான் என்று நினைத்திருந்தேன். ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்க, வீட்டு அட்டை ஒன்றில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று அடித்துவைத்து, "தம்பி, அது சி.எஸ்.ஐ.காரங்க போடுறதுல்லா" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபையில் 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்', ஆர்.சி.யில் 'ஆண்டவரே என் ஆயர்'. அப்புறம் இரண்டுக்கும் தனித்தனி ஃபைல் வைத்துக்கொண்டேன். மேலே மாதா படம், 'மண்ணில்' ஒரு தேதி, 'விண்ணில்' ஒரு தேதி, நடுவில் போட்டோ, கீழே நாலு வரி. பெயரையும் தேதியையும் மாற்றினால் வேலை முடிந்தது.

2024-ல் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வந்தார். அம்மா இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. வயது 93. முப்பதாம் நாள் திருப்பலிக்கு அட்டை போதாது, எட்டுப் பக்கத்தில் சின்னப் புத்தகமாக வேண்டும் என்றார். அண்ணன் எழுதிக்கொடுத்த வாழ்க்கைக் குறிப்பு ஒரு தாள். கூடவே பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு. "இது அம்மாவோட செப நோட்டு. இதுல இருந்து ரெண்டு பக்கம் போடணும். பாத்து, தாள் பொடிஞ்சிரும்."

அண்ணனின் தாளில் இருந்ததெல்லாம் வழக்கமான சங்கதிதான். 1931-ல் பிறந்தது, பத்தொன்பது வயதில் கல்யாணம், கணவர் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் தண்டல் (தோணித் தலைவர்), ஐந்து பிள்ளைகள், தவறாத காலைப் பூசை. அப்படியே அடித்துவிட்டேன். எந்த வீட்டுத் தாளிலும் இதுதான் இருக்கும், ஆளுக்கு ஆள் வருடம் மட்டும்தான் மாறும்.

நோட்டைத் திறந்தபோதுதான் கை நின்றது. குண்டு குண்டான எழுத்து, புள்ளி வைக்காத மெய். 'ஓரா புரோ நோபிஸ்' என்று லத்தீன் பதிலைத் தமிழில் எழுதியிருந்தார். 1960-களில் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்னால் பூசை லத்தீனில்தான் நடந்தது. அர்த்தம் தெரியாமலே காதில் விழுந்ததை எழுதிவைத்துக்கொண்ட தலைமுறை. சந்தோஷம், துக்கம், மகிமை என்று செபமாலை சொல்லும்போது தியானிக்கிற பதினைந்து தேவ ரகசியங்கள். அதற்குக் கீழே வேறு மையில், கொஞ்சம் நடுங்கின கையில், ஒளி ரகசியங்கள் ஐந்து, பக்கத்தில் 'வியாழன்'. போப் இரண்டாம் ஜான் பால் அந்த ஐந்தையும் சேர்த்தது 2002-ல். அப்போது இவருக்கு 71 வயது. எழுதிச் சேர்த்து, மனப்பாடம் செய்திருக்கிறார்.

அப்புறம் மாதா செபம். 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க' என்றிருந்தது. எனக்குத் தெரிந்தது 'அருள் நிறைந்த மரியே வாழ்க' மட்டும்தான். எத்தனையோ அட்டையில் அடித்திருக்கிறேன். பாட்டிக்கு எழுத்துப் பிழை போலிருக்கிறது, படிக்கிறவர்கள் சிரித்துவிடக்கூடாது என்று நானே முடிவு செய்து, பழைய ஃபைலில் இருந்து எடுத்து ஒட்டிவிட்டேன். இன்னொரு அவசர வேலையோடு சேர்த்து பிளேட்டும் போட்டாயிற்று, புரூஃப் காட்டாமலே.

டீச்சர் மறுநாள் வந்து பிரிண்ட் எடுத்த தாளைப் படித்தார். அந்த வரியில் விரலை வைத்தபடி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கண்ணை மூடிப் பழைய செபத்தை முழுசாகச் சொன்னார், வேகமாக, மூச்சு விடாமல், வேறு யாரோ சொல்வதுபோல.

"புதுசு அம்மாவுக்குத் தெரியாதுன்னு இல்ல தம்பி. கோவில்ல எல்லாரோடயும் சேந்து அருள் நிறைந்தன்னுதான் சொல்வாங்க. வீட்டுக்கு வந்தா இதுதான். அடுப்படியில கடிகாரம் கிடையாது. முட்டை அவிய செபமாலையில ரெண்டு பத்துமணி, சோறு வடிக்க அம்பத்துமூணு மணியும் முழுசா. அப்பா தோணியில போயிட்டா அதுக்குக் கணக்கே இல்ல, கடற்காத்து திரும்புற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். பிளேட் காசை முதலாளி என் சம்பளத்தில் பிடித்தார். அது நியாயம்தான்.

அடுத்த சிக்கல் பிள்ளைகள் எண்ணிக்கை. நோட்டின் பின்பக்கத்தில் இறந்தவர்கள் பட்டியல் இருந்தது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் பூசைக்குக் கொடுப்பதற்காக எழுதி வந்தது. தலைப்பு 'உத்தரிக்கிற ஆத்துமாக்கள்', அதாவது மோட்சத்துக்குப் போகுமுன் பாவம் கழுவக் காத்திருக்கிறவர்கள். மாமனார், மாமியார், கணவர் என்று இறங்கி வந்த பட்டியலில் 'பதினோரு நாள் பிள்ளை' என்று ஒரு வரி, 'பேறுகாலத்தில் போனது' என்று இன்னொரு வரி. டீச்சரிடம் காட்டினேன். அவருக்குத் தெரிந்ததுதான். ரேஷன் கார்டில் ஐந்து, அம்மாவைக் கேட்டால் ஏழு. அண்ணனுக்கு போன் போட்டார். அவர் ஐந்தே இருக்கட்டும், பார்க்கிறவர்கள் கேள்வி கேட்பார்கள் என்றார். கால் மணி நேரம் பேச்சு. கடைசியில் எண்ணையே எடுத்துவிட்டு 'மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள்' என்று மட்டும் போட்டோம்.

அந்தப் பட்டியலில் சொந்தக்காரர் அல்லாதவர்களும் இருந்தார்கள். 'ரயில்வே கேட் உப்பளத்துக்காரி, பெயர் தெரியாது.' '64 புயலில் போனவர்கள், எல்லாருக்கும்.' தனுஷ்கோடியை அழித்த டிசம்பர் புயல்தான். அதில் இவர் வீட்டில் யாரும் போகவில்லை என்று டீச்சர் சொன்னார். அறுபது வருடம் ஒவ்வொரு நவம்பரும் அவர்களுக்காகக் காணிக்கை போட்டிருக்கிறார். இந்தப் பக்கத்தையும் புத்தகத்தில் போடலாமே என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். "அது அம்மா சாமிக்கு எழுதினது, சனங்களுக்கு இல்ல" என்று நோட்டை மூடிவிட்டார். அதற்குப் பதிலாக ஒரு போட்டோ கொடுத்தார். 2023 ஆகஸ்ட் 5, தூத்துக்குடி பனிமய மாதா கோவில் தங்கத்தேர். திருவிழா வருடா வருடம் உண்டு, தங்கத்தேர் விசேஷ ஆண்டுகளில்தான் ஓடும். 1955-ல் மூத்தவரை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தவரை, இந்தத் தடவை பேரன்கள் இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். போட்டோவில் தேர் இல்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த ஒரு கிழவி, கையில் செபமாலை, வாய் பாதி திறந்திருக்கிறது. எந்தச் செபம் என்று எனக்குத் தெரியும்.

ஐநூறு புத்தகம் போட்டோம். பிரியதத்தத்தினாலே என்றே.

அக்டோபர் கடைசியில் டீச்சர் மறுபடி வந்தார், அதே நோட்டோடு. பட்டியலை ஒரே ஒரு தாளில் அடித்துத் தரவேண்டும், பங்குச் சாமியாரிடம் கொடுக்க. கண்ணாடி இல்லாமல் அவர் படிக்கிற மாதிரி எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்தேன். ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. கடைசி வரியில் அம்மாவின் பெயர்.

"இதை மட்டும் போல்டா போடவா டீச்சர்?"

"வேண்டாம். உப்பளத்துக்காரிக்கு என்ன சைஸோ, அதே சைஸ்."