மிஸ்டாராவை ஒரே கட்டத்துக்குள் கொண்டுவருதல்: இதுவரை நடந்தது

பாத்திரமேற்று ஆடும் டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆட்டத்தின் பழைய கற்பனை உலகங்களில் எனக்குப் பிடித்தது மிஸ்டாரா. அதன் வரைபடங்களையெல்லாம் ஒரே அளவில், ஒரே கோப்பில் புதிதாக வரைந்துகொண்டிருக்கிறேன். தெற்குக் கரையும் அங்குள்ள கராமைகோஸ் நாடும் முடிந்துவிட்டன. வேலை இப்போது வடக்கு மலைகளில் நிற்கிறது.

இந்த உலகம் ஒருவரே உட்கார்ந்து வரைந்ததல்ல, சிக்கலே அங்கேதான். 1981-இல் டேவிட் குக்கும் டாம் மோல்ட்வேயும் எழுதிய 'ஐல் ஆஃப் டிரெட்' சாகசத்தில் நாடுகள் எல்லாம் அடங்கிய வரைபடம் வந்தது. அதில் ஒரு ஹெக்ஸ், அதாவது ஓர் அறுகோணக் கட்டம், 24 மைல். அதே ஆண்டின் எக்ஸ்பர்ட் செட் என்ற ஆட்ட விதிப் பெட்டி கராமைகோஸை மட்டும் பெரிதாக்கி, ஹெக்ஸுக்கு 6 மைல் என்று காட்டியது. 1987-இல் ஆரன் ஆல்ஸ்டனின் கராமைகோஸ் புத்தகத்தோடு, நாடுகளை விவரிக்கும் கெசட்டியர் புத்தக வரிசை தொடங்கியபோது ஹெக்ஸ் 8 மைல் ஆகிவிட்டது. ஒரே நாட்டுக்கு மூன்று அளவுகள்!

எந்த அளவை எடுப்பது என்பதற்கு ஆட்ட விதிகளையே கேட்டேன். சாதாரண ஆள் ஒரு நாளில் நடப்பது 24 மைல். அதாவது பழைய வரைபடத்தில் ஒரு ஹெக்ஸ் என்றால் ஒரு நாள் நடை. காட்டிலும் குன்றிலும் மூன்றில் இரண்டு பங்குதான் நடக்க முடியும், 16 மைல். மலையிலும் சதுப்பிலும் பாதி, 12 மைல். நல்ல சாலை கிடைத்தால் ஒன்றரை மடங்கு, 36 மைல். இதை 6 மைல் ஹெக்ஸில் போட்டால் மலைக்கு 2, சாலைக்கு 6 என்று முழு எண்ணாக வரும். காட்டில் மட்டும் இரண்டரைச் சொச்சம். 8 மைலில் காட்டுக்கு 2 சரியாக வரும், மலையும் சாலையும் அரை ஹெக்ஸில் இழுக்கும். ஆட்டம் நடத்த 6 மைல்தான் சுகம். ஆனாலும் 8-ஐயே எடுத்தேன். கெசட்டியர் வரிசையின் விவரமெல்லாம் அதில்தான் இருக்கிறது. அத்தனையையும் 6-க்கு மாற்றப் போனால் ஒவ்வொரு ஊரையும் நானே ஊகித்து நகர்த்த வேண்டியிருக்கும்.

அப்புறம் 24-ஐயும் 8-ஐயும் பொருத்துவது. ஒரு பெரிய ஹெக்ஸின் பரப்பில் ஒன்பது சின்ன ஹெக்ஸ் அடங்கும். ஆனால் ஒன்பதும் முழுசாக உட்காராது. நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, ஆக ஏழுதான் முழுமை. மீதி இரண்டு பங்கும் ஆறு மூலைகளில் மூன்றில் ஒன்றாகச் சிதறிக் கிடக்கும். மூலையில் உள்ள ஒவ்வொரு சின்ன ஹெக்ஸுக்கும் மூன்று பெரிய ஹெக்ஸ்கள் சொந்தம் கொண்டாடும். பழைய வரைபடம் மூன்றில் ஒன்றைக் காடு, ஒன்றைக் குன்று, ஒன்றைப் பாலை என்று சொன்னால் அந்த மூலை யாருக்கு? நான் வைத்திருக்கும் விதி: கெசட்டியரில் அந்த ஹெக்ஸ் இருந்தால் அது சொல்வதுதான். இல்லையென்றால் தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டுமோ அதைப் பார்த்து முடிவு.

ஸ்கேன் செய்த பக்கங்களை அப்படியே நம்ப முடியாது. மடிப்பு விழுந்த இடத்தில் காகிதம் லேசாக இழுத்திருக்கும். ஒவ்வொரு படத்திலும் தூரத்தூரமாக மூன்று ஹெக்ஸ் நடுப்புள்ளிகளைக் குறித்து, அவற்றைக் கட்டத்தில் உட்காரவைத்த பிறகே வரையத் தொடங்குகிறேன். பழைய கரைக்கோட்டைச் சிவப்பிலும் புதியதை நீலத்திலும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் பாதி ஒளி ஊடுருவும் லேயர்களாகப் போட்டால், இரண்டும் ஒத்துப்போகும் இடம் ஊதாவாகத் தெரியும். நிறம் பிரியும் இடத்தில்தான் எனக்கு வேலை.

எல்லைகள் இன்னும் வம்பு. கராமைகோஸ் ஆல்ஸ்டன் எழுதியது, மேற்கே ஒட்டியுள்ள ஃபைவ் ஷைர்ஸ் எட் கிரீன்வுட் எழுதியது, வடமேற்கே கிளாந்த்ரி புரூஸ் ஹெர்ட் எழுதியது. பக்கத்துப் பக்கத்து நாடுகளின் பொது எல்லை இப்படி இரண்டு புத்தகங்களில் இரண்டு முறை வந்துவிடுகிறது. அவரவர் நாட்டுக்குள் அவரவர் புத்தகத்தையே நம்புகிறேன். ஆறு ஒரு ஹெக்ஸ் தள்ளி வந்து நின்றால் ஊர் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து வளைத்துவிடுகிறேன். ஊரை நகர்த்தினால் தூரம் மாறும், வழிப்போக்குக் கணக்கு கெடும். ஆற்றில் ஒரு வளைவு கூடினால் யாருக்கும் நஷ்டமில்லை.

யிலாருவாம் பாலைவனத்துக்குப் பக்கத்திலேயே வைக்கிங் பாணி வடநாடுகள் எப்படி என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. சுற்றியுள்ள மலைகளை ஒழுங்காக வரைந்து பார்த்தால் அந்தப் பாலை அவ்வளவு அபத்தமாகத் தெரியவில்லை. மழையை மலை தடுத்துவிட்டது என்று சொல்லிச் சமாளிக்கலாம். சரி, முழு மனதோடு சொல்லவில்லை.

அளவைவிட என்னைப் படுத்தியது காலம். கெசட்டியர்கள் ஆட்ட உலகின் 1000-ஆம் ஆண்டைக் காட்டுகின்றன. 1992-இல் வந்த 'ராத் ஆஃப் தி இம்மார்ட்டல்ஸ்' என்ற ஆட்டப் பெட்டி அந்த உலகத்தையே புரட்டிப் போட்டது. கிளாந்த்ரிக்கும் டரோகின் நாட்டுக்கும் நடுவே விண்கல் விழுந்து பெரும் பள்ளம் உண்டானது, எல்ஃப்களின் ஆல்ஃப்ஹைம் காடு நிழல் எல்ஃப்கள் கைக்குப் போனது, 1009-இன் முடிவில் ஆல்ஃபேஷியா கண்டமே கடலில் மூழ்கியது. பிறகு 1994-இல் வந்த கராமைகோஸ் பெட்டியில் கோமகன் ஸ்டீபன் அரசராகிவிட்டார், தலைநகர் ஸ்பெகுலாரம் மிர்ரோஸ் ஆகிவிட்டது. புதியதுதான் சரி என்று பழையதை அழித்துவிட்டால், கெசட்டியரை வைத்து ஆடுபவருக்கு என் வரைபடத்தால் ஒரு பயனும் இல்லை. அதனால் நில அமைப்பு ஒரு லேயர், நாட்டெல்லை ஒன்று, ஊர்ப்பெயர் ஒன்று. பின்னவை இரண்டும் ஆண்டு வாரியாகப் பிரிந்திருக்கும். அடியில் இருக்கும் நிலம் பெரும்பாலும் மாறுவதே இல்லை. பள்ளமும் மூழ்கிய கண்டமும் மட்டும் அதற்கு மேல் ஒட்டும் தனித் துண்டுகள்.

கண்டங்களின் உருவத்தை 1985-இன் மாஸ்டர் செட் தந்தது. ஜுராசிக் காலத்துப் பூமியின் சாயல் அதில் தெரியும். அது வேறு கதை, அந்தப் பக்கம் இப்போதைக்குப் போகவில்லை.

அடுத்து கிளாந்த்ரி. அதன் கிழக்கே எதெங்கார் புல்வெளி, அதற்கும் கிழக்கே குள்ளர்களின் ராக்ஹோம். மூன்றுக்கும் தனித்தனி கெசட்டியர். முதலில் ராக்ஹோமை உட்காரவைத்துவிட்டு மேற்கே நகரலாம் என்று நினைக்கிறேன். மலை நிலைத்துவிட்டால் நடுவில் உள்ள புல்வெளியில் ஒன்றிரண்டு ஹெக்ஸ் கூடிக் குறைவதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.