ஊதா மிஞ்சிய குழிகள்

அம்மா வீடியோ காலில் வலது ஆள்காட்டி விரலை நீட்டினாள். நடுவில் சிவப்பு, சுற்றி வெள்ளை வளையம், அதற்கும் வெளியே மறுபடி சிவப்பு. "நகச்சுத்துன்னு நெனச்சேன்டி. டாக்டரு கீறிவிட்டாரு, சீழே வரல" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மாதக்கணக்காக ஆய்வகத்தில் நான் வளர்த்துக்கொண்டிருந்த வைரஸ், அம்மா விரலில் உட்கார்ந்திருந்தது.

ஆர்ஃப். ஊரில் ஆட்டுக்கு வாய்ப்புண் என்போம். பெரியம்மை வைரஸின் குடும்பம். கோடையில் கருவேல முள்ளை மேய்ந்து உதடு கீறியிருக்கும். அந்தக் கீறல் வழியாக நுழைந்துவிடும். உதட்டில் பொருக்குப் பொருக்காகக் கட்டும். குட்டிக்கு வந்தால் பால் குடிக்காது. தாயாட்டின் காம்பிலும் புண் வந்துவிட்டால் தாய் உதைத்துத் தள்ளும். நோயைவிடப் பட்டினிதான் குட்டியைக் கொல்கிறது. எங்கள் வீட்டுக் குட்டியின் வாயைப் பிளந்து அம்மா புட்டிப்பால் கொடுத்திருக்கிறாள், முள் குத்திய விரலோடு.

"கீறவே கூடாதும்மா. ஆறு வாரத்துல தானா ஆறிடும். துணி சுத்தி வை" என்றேன். நல்ல உடம்புக்கு அதுவே போதும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அப்படியல்ல; கட்டி பெரிதாக வளரும், வெட்டினாலும் திரும்ப வரும்.

மருந்து தேடும்போது எல்லோரும் முதலில் அசைக்ளோவிரைத்தான் கேட்கிறார்கள். அக்கிக்குக் கேட்கிற மருந்து இதற்குக் கேட்காது. அசைக்ளோவிர் வேலை செய்ய வேண்டுமானால், வைரஸின் தைமிடின் கைனேஸ் என்ற நொதி அதில் முதல் பாஸ்பேட்டை ஒட்டித்தர வேண்டும். ஆர்ஃபிடம் அந்த நொதி கிடையாது. பிராகில் வேதியியலாளர் அன்டோனின் ஹோலியும் பெல்ஜியத்தின் லூவனில் வைரஸ் ஆய்வாளர் எரிக் டி கிளெர்க்கும் உருவாக்கிய சிடோஃபோவிர் என்ற மருந்தில் அந்த முதல் படி ஏற்கெனவே முடிந்திருக்கிறது. மிச்சத்தை ஆட்டின் செல்லே செய்துகொள்ளும்.

என் வேலை, இப்படிப்பட்ட மருந்துகளை 96 சின்னக் குழிகள் உள்ள ஆய்வகத் தட்டில் சோதிப்பது. குழிகளின் அடியில் ஆட்டுக்குட்டிச் செல்கள். மருந்தைப் படிப்படியாக நீர்க்கவைத்து, வைரஸைச் சேர்த்து, ஐந்து நாள் காத்திருந்து, ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவுவேன். செத்த செல்கள் கழுவலோடு போய்விடும், குழி வெளுத்துவிடும். பிழைத்த குழியில் ஊதா நிற்கும். ஆட்டு வாயில் அம்மா தடவுகிற ஜென்ஷியன் வயலட்டின் முக்கியச் சரக்கும் இதே சாயம்தான். அங்கே அது புண்ணில் சீழ் பிடிக்காமல் காக்கிறது, வைரஸைத் தடுப்பதில்லை.

வைரஸே சேர்க்காமல் மருந்து மட்டும் ஊற்றிய வரிசையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வேறொரு சேர்மத்தைச் சோதித்தபோது அந்த வரிசையே வெளுத்திருந்தது. வைரஸை அடக்கும் அளவுக்கும் செல்லைக் கொல்லும் அளவுக்கும் நடுவே இடம் வேண்டும். அந்த இடமில்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட மருந்தும் குப்பைக்குத்தான்.

சிறுநீரக மாற்று செய்துகொண்ட ஒருவருக்கு வந்த ஆர்ஃப், சிடோஃபோவிர் களிம்பில் ஆறியது 2001-ல் பதிவாகியிருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 2007-ல் வெளியான ஆட்டுக்குட்டி ஆய்வு. களிம்பு பூசிய குட்டிகளுக்குப் புண் லேசாக இருந்தது. உதிர்ந்த பொருக்கிலும் உயிருள்ள வைரஸ் குறைந்திருந்தது. பொருக்குதான் விஷயமே. காய்ந்த பொருக்கு கொட்டிலில் மாதக்கணக்கில் வைரஸைக் காப்பாற்றி, அடுத்த ஈற்றுக் குட்டிக்குக் கொடுத்துவிடும். உயிருள்ள வைரஸால் செய்த தடுப்பூசியும் பொருக்கைத்தான் விட்டுச் செல்கிறது.

ஆனாலும் இந்தக் களிம்பை அம்மா கையில் கொடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. விலை ஒருபக்கம். ஊசியாகப் போட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து இது. காம்பில் பூசினால் குட்டி நக்கும், உதட்டில் பூசினால் தாய் நக்கும். பாலிலும் கறியிலும் எவ்வளவு தங்கும் என்று பார்க்காமல் ஊருக்குள் விடக்கூடாது. அதனால் இன்னும் நிறைய தட்டுகள் பாக்கி.

நாற்பதாவது நாள் அம்மா விரலைக் காட்டினாள். தழும்புகூட இல்லை. மறுநாள் ஒரு போட்டோ அனுப்பினாள்: கொட்டிலில் கூட்டியெடுத்த பொருக்குகள், பழைய தினசரித் தாளில். "இத என்னடி பண்ண?"

"கையுறை போட்டு அள்ளி அடுப்புல போட்டுடும்மா" என்றேன்.