கொடிமலையில் வலசை மாதம்

3 அக்டோபர் 2025

சாம்பல் வாலாட்டி வந்துவிட்டது. பினாங்குக் கொடிமலையின் ஜீப் சாலையில், மழைநீர்க் கால்வாய் வளைகிற இடம். முதலில் குரல்தான் கேட்டது, கூர்மையாக இரண்டு அசை. அப்புறம் பாசி பிடித்த கல்லின் மேல் ஓயாமல் ஆடும் வால், மஞ்சள் வாலடி. நீலகிரி ஓடைகளிலும் இப்போது இது இறங்கியிருக்கும். இமயத்திலும் வட ஆசியாவிலும் கூடு கட்டி முடித்த கூட்டம், பாதி அங்கே, பாதி இங்கே.

இது வந்தால் இரவில் பறப்பவையும் பின்னாலேயே வரும்.

4 அக்டோபர்

புதுக் கட்டடத்தின் வடக்குக் கண்ணாடி, பறவை மோதாமல் தடுக்க எதுவும் ஒட்டாமல், இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

7 அக்டோபர்

பௌர்ணமி. வானம் துடைத்து வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட இரவில் பறவைகள் உயரத்திலேயே கடந்து போய்விடும், கீழே எரிகிற விளக்கு அவற்றை அவ்வளவாக இழுக்காது.

பயமெல்லாம் அமாவாசைக்கும் தாழ்ந்த மேகத்துக்கும்தான். கொடிமலையின் உச்சி 833 மீட்டர். அக்டோபர் மேகம் அதற்கும் கீழே இறங்கிவிடும். நிலா இல்லை, நட்சத்திரம் தெரியவில்லை, சுற்றிலும் பனி. அதற்குள் ஒரு வெள்ளை விளக்கு எரிந்தால் அதைச் சுற்றியுள்ள பனி முழுவதும் வெளிச்சமாகிவிடுகிறது. அந்த வெளிச்சத்துக்குள் புகுந்த பறவை மறுபடி இருட்டுக்குள் போகத் தயங்கி அங்கேயே சுற்றும். சுற்றிச் சுற்றிக் களைத்துப் போய், விடிவதற்குள் பக்கத்துப் புதரில் இறங்கும். விடிந்ததும் இரை தேடிக் கிளம்பினால் எதிரே கண்ணாடியில் காடு தெரியும். அது காடு இல்லை என்று அதற்குத் தெரிய வழியில்லை.

விளக்கு இறக்கிவிடுகிறது, கண்ணாடி கொல்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் சரிசெய்தால் பாதி வேலைதான்.

தீபாவளி 20. அமாவாசை 21.

9 அக்டோபர்

வடக்குக் கண்ணாடி: அகலம் 4 மீட்டர், உயரம் இரண்டரை மீட்டர். எதிரே பதினைந்து அடியில் காட்டு ஓரம், மரப்பெரணிகள், ஓக் மரங்கள். உள்ளே, கண்ணாடியை ஒட்டித் தொட்டிச் செடிகள் வேறு. வெளியே பிரதிபலிக்கும் இலை, உள்ளே நிஜ இலை. இதைவிட மோசமாக அமைக்க முடியாது. முதல் வேலையாக அந்தத் தொட்டிகளை இரண்டு மீட்டராவது உள்ளே தள்ள வேண்டும். அதற்குக் காசு ஆகாது.

அடுத்தது, கண்ணாடி இருப்பதைப் பறவைக்குக் காட்டும் புள்ளிகள். வெளிப்புறத்தில்தான் ஒட்ட வேண்டும். உட்புறத்தில் ஒட்டினால் பிரதிபலிப்பு அதை மறைத்துவிடும். மேலும் கீழும் பக்கவாட்டிலும் இடைவெளி 5 செண்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் விட்டால் சின்னப் பறவை நடுவில் நுழைந்துவிடலாம் என்று பார்க்கும். புள்ளி 6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இந்தக் கண்ணாடிக்கு 80 பத்திகள், 50 வரிசைகள், ஆக 4000 புள்ளிகள். நாடாவில் அடித்து வருவதால் ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டியதில்லை. நாடாவை அழுத்தித் தேய்த்து உரித்தால் புள்ளி மட்டும் கண்ணாடியில் நிற்கும்.

நாடா வேண்டாம் என்றால் கயிறு. கறுப்பு நைலான் கயிறு, 3 மில்லிமீட்டர் கனம், கூரை விளிம்பிலிருந்து 10 செண்டிமீட்டருக்கு ஒன்றாகத் தொங்கவிட வேண்டும். 41 கயிறு, மொத்தம் 103 மீட்டர். கீழ்முனையைக் கட்ட வேண்டாம், ஆடட்டும்.

மேலாளருக்குக் கடல் தெரியாமல் போய்விடுமோ என்ற கவலை. கடல் இருப்பது கிழக்குப் பக்கம். வடக்கில் காடுதான்.

10 அக்டோபர்

மழை. ஒன்றும் விழவில்லை.

12 அக்டோபர்

ஏற்காட்டிலிருந்து குரல் செய்தி. ஆறுமணிக்குருவி வந்துவிட்டதாம், காப்பித் தோட்டத்து ஓரத்தில் சாயங்காலம் கூப்பிட்டதாம். பின்னணியில் கேட்டேன், மெல்லிசாக, இரண்டே அசைச் சீழ்க்கை. இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் இனம் பெருக்கிவிட்டுத் தெற்கே இறங்கும் பறவை. அங்கேயும் களைத்துப்போய் வீட்டுத் திண்ணையிலும் கிணற்றடியிலும் விழுந்து கிடக்கும். நோய் வந்த குருவி என்று நினைத்து வாயில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கினால் அதிலேயே செத்துப்போகும். இதை அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லும்படி பதில் அனுப்பியிருக்கிறேன்.

இங்கே வருவது அதன் பங்காளி, நீலச்சிறகு பிட்டா. இந்தோசீனா, தாய்லாந்துப் பக்கமிருந்து கிளம்பி மலாய்த் தீபகற்பம் வழியாகச் சுமத்ரா, போர்னியோ வரை போகும். இரண்டும் தரையில் புழு பொறுக்கும் பறவை, இரண்டும் இரவில் பயணம் போகும். ஏற்காட்டிலும் கண்ணாடி முகப்பு வைத்த விடுதிகள் எழும்புகின்றன என்கிறார் நண்பர். அங்கேயும் பனி உண்டு.

15 அக்டோபர்

காலை 7:40, வடக்குக் கண்ணாடி. மரகதப்புறா. செத்துவிட்டது.

புறாக்களின் இறகில் மெல்லிய தூள் உண்டு. அது கண்ணாடியில் ஒட்டி, விரித்த சிறகின் அச்சு அப்படியே நிற்கிறது. துடைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், மேலாளர் பார்க்கட்டும்.

இது வலசை வந்தது இல்லை, இங்கேயே இருப்பது. தமிழ்நாட்டின் மாநிலப் பறவையும் இதுதான். மரங்களுக்கிடையே தாழ்வாக, மிக வேகமாகப் பறப்பது இதன் வழக்கம். அதனால்தான் கண்ணாடியில் மோதும் பறவைகளில் இது முன்னால் நிற்கிறது. புள்ளி ஒட்டினால் வலசைப் பறவைக்கு மட்டும் இல்லை, ஆண்டு முழுவதும் இதற்கும் உதவும்.

ஏட்டில் எழுத வேண்டியவை: நேரம், எந்தப் பக்கம், எந்தக் கண்ணாடிச் சட்டம், முந்தின இரவு பனி உண்டா, எந்த விளக்கு எரிந்தது. ஒன்றும் விழாத நாளையும் எழுத வேண்டும். விழுந்த நாளை மட்டும் எழுதினால் எந்த விளக்கு காரணம் என்று கடைசிவரை தெரியாது. தேடுவது வெளிச்சம் வந்தவுடனே, ஏழு மணிக்கு. தாமதித்தால் காகமோ பூனையோ கூட்டுகிறவரோ எடுத்துவிடுவார்கள், ஏடு பொய்யாகிவிடும்.

17 அக்டோபர்

பழுப்புக் கீச்சான், ரயில் நிலையத்துக் கம்பி வேலியில். தகைவிலான்கள் உயரத்தில், எண்ண முடியாத அளவுக்கு.

18 அக்டோபர்

தொட்டிகளை உள்ளே தள்ளிவிட்டார்கள்.

20 அக்டோபர்

தீபாவளி. திருமுருகன் கோவிலுக்கு வந்த கூட்டம் கடைசி ரயிலில் இறங்கிவிட்டது. ஒன்பது மணிக்கெல்லாம் பனி படிக்கட்டு வரை வந்தாயிற்று. ஜார்ஜ் டவுன் பக்கம் வாணவெடிச் சத்தம் மட்டும் கேட்கிறது, வெளிச்சம் தெரியவில்லை.

இரவுக் காவலுக்கு இருக்கும் ஜாகா அண்ணனிடம் போய்ப் பேசினேன்.

“அண்ணே, வெளி லைட்டை மட்டும் அடைச்சிடலாமா? பனி இறங்கிடுச்சு.”

“மேலாளர் கேட்டா என்ன சொல்றது?”

“படிக்கட்டு லைட்டு எரியட்டும். கூரைக்குக் கீழ இருக்கற அந்த நாலு வெள்ளை லைட்டுதான்.”

“சரி தம்பி. பதினோரு மணிக்கு அடைச்சிட்டு அஞ்சு மணிக்குத் திறந்திடுவேன். பசியாறலுக்கு ஆளுங்க வந்திடுவாங்க.”

ஐந்து மணி. அதுதான் உறுத்துகிறது. இங்கே விடிவது ஏழுக்கு. இரவு முழுக்கப் பறந்தவை இறங்க இடம் தேடுவதே அந்த இரண்டு மணி நேரத்தில்தான். பதினொன்று முதல் ஐந்து வரை இருட்டாக வைத்துவிட்டு, அவை தாழ்ந்து வரும்போது விளக்கைப் போடுவது சரியாக இல்லை. சமையற்காரர்கள் வருவது பின்வாசல் வழியாக. அங்கே ஆள் நடந்தால் எரியும் விளக்கு ஒன்று போதும்.

இப்போது 10:50. மேலே குரல்கள். உயரத்திலிருந்து ஒற்றை ஒற்றையாக, பனிக்குள்ளிருந்து.

21 அக்டோபர்

5:50. நீலச்சிறகு பிட்டா. உயிரோடு.

விளக்கு போட்டு ஐம்பதாவது நிமிடம். அண்ணன்தான் கண்டெடுத்தார், தொடாமல் கூப்பிட்டார், அது பெரிய விஷயம்.

செய்தது, அண்ணனும் எழுதிக்கொண்டபடி:

பின்னாலிருந்து மெல்லிய துணியைப் போட்டு, சிறகு உடம்போடு ஒட்டும்படி எடுக்க வேண்டும். மார்பை அழுத்தக் கூடாது, பறவை மூச்சு விடுவது மார்பெலும்பு அசைவதால்தான். காலணிப் பெட்டி அளவு அட்டைப்பெட்டி, பக்கத்தில் பென்சிலால் ஏழெட்டுத் துளை, அடியில் மடித்த துண்டு. துண்டு இல்லாவிட்டால் கால் வழுக்கும். மூடி, இருட்டான, சத்தமில்லாத, குளிர்சாதனக் காற்று படாத இடத்தில் வைக்க வேண்டும். தண்ணீர் வேண்டாம், தீனி வேண்டாம், திறந்து திறந்து பார்க்கவும் வேண்டாம். மோதிய அதிர்ச்சியில் மூளை வீங்கியிருக்கும், இருட்டும் அமைதியும்தான் மருந்து. அரை மணிக்கு ஒருமுறை காதை வைத்துக் கேட்டால் போதும். உள்ளே கால் பிராண்டும் சத்தம் வந்தால் தேறுகிறது. பெட்டியைக் கட்டடத்துக்குள் திறந்தால் மறுபடி ஜன்னலுக்குத்தான் பாயும். திறப்பது வெளியே, கண்ணாடி தெரியாத இடத்தில்.

ஒரு சிறகு தொங்கினாலோ, அலகில் ரத்தம் இருந்தாலோ, இரண்டு மணி நேரம் கழித்தும் ஒரு கண் திறக்காவிட்டாலோ பெர்ஹிலிதானுக்கு, அதாவது மலேசிய வனவிலங்குத் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். வீட்டில் வைத்து வளர்க்கக் கூடாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் வேண்டும்.

8:10க்கு மோனியட் சாலைக்குக் கீழே, காட்டு இஞ்சிப் புதர் ஓரத்தில் பெட்டியைச் சாய்த்தோம். குதித்து இறங்கி, நின்று, பிறகு தத்தித் தத்தி நிழலுக்குள் போனது.

அண்ணன் அவராகவே சொன்னார்: “நாளையிலேருந்து ஆறரை.”

22 அக்டோபர்

6:55. குட்டி மீன்கொத்தி, காலில் மூன்றே விரல் உள்ளது. கிழக்குப் பக்கம். செத்துவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, அதற்கு நீண்ட அலகு. கொங்கணத்தில் இந்த இனம் தென்மேற்கு மழையோடு வந்து மண் கரையில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். இங்கே இரவு வலசை.

கிழக்குப் பக்கத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. எல்லாப் பக்கமும் அளந்தாயிற்று. நாடா வாங்க ஒப்புதல்தான் வரவில்லை.

24 அக்டோபர்

இல்லை.

27 அக்டோபர்

கழுகு உருவம் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். நான்கு மீட்டர்க் கண்ணாடியில் இரண்டே இரண்டு கறுப்புக் கழுகு. கோபமாக வருகிறது. அசையாத கழுகைப் பறவை பயப்படும் ஒன்றாகப் பார்ப்பதே இல்லை, சுற்றிக்கொண்டு பக்கத்து வெறுங்கண்ணாடியில் மோதும். கண்ணாடி முழுவதும் நெருக்கமாகக் குறி இருந்தால்தான் பயன். இதற்குச் செலவழித்த பணத்தில் கயிறு முழுவதும் வாங்கியிருக்கலாம்.

29 அக்டோபர்

ஒப்புதல் வந்தது. வடக்குக்கு மட்டும்.

30 அக்டோபர்

ஒட்டுவதில் ஒரு சங்கடம். பனியால் கண்ணாடி காலை பதினொன்று வரை ஈரம், மூன்றுக்கு மேல் மழை. ஈரத்தில் ஒட்டினால் புள்ளி நாடாவோடேயே திரும்பி வந்துவிடும். ஆகவே பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரைதான் வேலை. சோப்பு நீர், ரப்பர் துடைப்பான், பிறகு ஸ்பிரிட், காய்ந்த துணி. மேலிருந்து தூக்குக்குண்டு விட்டு முதல் பத்தியை நேராக்கிவிட்டால் மற்றவை தானாக நேராக வரும். ஓரத்தில் 5 செண்டிமீட்டருக்கு மேல் விட்டுவிடாமல் சட்டம் வரை கொண்டுபோக வேண்டும். பாதிக்கு மேல் முடிந்தது.

துடுப்புவால் கரிச்சான் ஒன்று எதிர்க் கிளையில் உட்கார்ந்து யார் யார் குரலிலோ பேசிக்கொண்டிருந்தது.

2 நவம்பர்

வடக்கு முடிந்தது. விளக்கு 11 முதல் 6:30 வரை இல்லை. இன்று காலை வடக்கில் ஒன்றும் இல்லை, நேற்றும் இல்லை. ஆனால் நிலா வளர்கிறது, அதனால் இதை வைத்து எதையும் சொல்ல முடியாது. அடுத்த அமாவாசை வரை பொறுக்க வேண்டும்.

கிழக்குக்குக் கயிறு 62 மீட்டர், கொக்கி 26. மலையடிவாரத்து ஆயர் ஈத்தாம் கடையில் விலை கேட்க வேண்டும்.